எச்சில் சுருட்டு

ராஜாத்திக்குத் தெருவில் நல்ல பெயர் கிடையாது. அதைச் சம்பாதிக்க அவள் ஒருநாளும் மெனக்கெட்டதும் கிடையாது. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் அவள் கூடையை ஒட்டி யாராவது கூடை வைத்தால் காலாலேயே நகர்த்தி விடுவாள். மீன் வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால், "வாங்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?" என்று கேட்பாள். அவர்கள் திரும்பி நடந்தால் கூப்பிடவும் மாட்டாள். ஐயோ பாவம் என்று நினைக்க வைக்கிற முகம் சிலருக்கு அமையும். ராஜாத்திக்கு அது அமையவில்லை. போதாக்குறைக்கு அந்த முகத்தில் எந்நேரமும் ஒரு சுருட்டு.

பீடி இல்லை, சிகரெட் இல்லை, கறுத்துத் தடித்த உறையூர்ச் சுருட்டு. காலடிப்பேட்டையிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற அந்தத் தெருவில் ஆண்கள் குடிக்காத சரக்கு இல்லை, வாயில் அதக்காத மாவாப் பாக்கு இல்லை. அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு பொம்பளை வாசற்படியில் உட்கார்ந்து புகை விட்டால் மட்டும் தெருவுக்கே மூச்சு முட்டியது.

கல்யாணத்துக்கு முன்னால், இறால் உரிக்கிற கொட்டகையில் பிடித்த பழக்கம் அது. நாள் முழுக்க ஐஸில் கையை விட்டு விரல்கள் மரத்துப் போகும். நாற்றம் தலைமயிர் வரை ஏறும். கூட வேலை செய்த தெலுங்குக்காரப் பெண்கள் சுருட்டைத் தலைகீழாகக் குடித்தார்கள், அதாவது நெருப்பு முனை வாய்க்குள்ளே, வெறும் முனை வெளியே. கடற்கரைக் காற்றில் அணையாமல் இருக்கவும், கங்கு பறந்து வலையில் விழாமல் இருக்கவும் தங்கள் ஊரில் அப்படித்தான் என்றார்கள். ராஜாத்தியும் ஒருமுறை முயன்று மேல்வாயைச் சுட்டுக்கொண்டு கஞ்சி குடித்துக் கிடந்தாள். பிற்பாடு அந்தப் பெண்களில் ஒருத்திக்கு மேல்வாயில் புற்று வந்தது. ஆகவே நேராகக் குடிப்பதே நல்லது என்று ராஜாத்தி முடிவு செய்துகொண்டாள். குடிக்காமல் இருப்பது அதைவிட நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது. சொன்னால் அடிக்க வருவாள்.

அவளைக் கட்டிக்கொண்ட ரகுபதி லாரிகளுக்கு வெல்டிங் வைக்கிறவன். அவனும் சுருட்டுக்காரன்தான். பட்டறையில் அவன் கையெல்லாம் கிரீஸ், தீக்குச்சியைப் பிடிக்க முடியாது. மத்தியானம் சோறு கொண்டுபோகிற ராஜாத்தி ஒரு சுருட்டை எடுத்துத் தன் வாயில் வைத்துப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, கங்கு நன்றாகப் பிடித்ததும் எடுத்து அவன் வாயில் வைப்பாள். கொஞ்சல், குலாவல் எல்லாம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த பாசம் அது ஒன்றுதான், அதை அவள் கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும் குறைத்ததில்லை.

ரகுபதியின் பட்டறை எண்ணூர் விரைவுச் சாலையில் இருந்தது. துறைமுகத்துக்குள் போகவேண்டிய கண்டெய்னர் லாரிகள் அங்கே வரிசை கட்டி நிற்கும். காலையில் நின்றது சாயங்காலம்தான் நகரும். அந்த வரிசை நிற்கிற இடத்தில், சாலைக்கு மேற்கே, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் கல்மேட்டு முனீஸ்வரன். முட்டைக் கண், முறுக்கு மீசை, தலையில் பெரிய கொண்டை. லாரிக்காரர்கள் அவருக்குச் சுருட்டு வைக்காமல் வண்டியை எடுக்க மாட்டார்கள்.

முனியைச் சிமெண்டில் புதுப்பித்தபோது கொத்தனார் சிலையின் வாயில் வெறும் பள்ளம்தான் வைத்தார். வைத்த சுருட்டு காற்றில் விழுந்துகொண்டே இருந்தது. ரகுபதி ஓர் இரும்புக் குழாயை அறுத்து, வாயிலிருந்து பின்தலைக் கொண்டை வரைக்கும் செலுத்திவிட்டான். அன்றிலிருந்து கடல்காற்று சுருட்டின் நெருப்பு முனையில் மோதி உள்ளே புகுந்து, புகையைக் கொண்டை வழியாக வெளியே தள்ளியது. சுருட்டு மனிதன் இழுப்பது போலவே எரிந்து குறைந்தது. முனி இழுக்கிறார் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குழாய் வைத்தது ரகுபதி, இழுக்கிறது முனி. இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

ஆடி மாதத் திருவிழாவில் முனிக்கு வைக்கிற முதல் சுருட்டுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை யாரும் வாயில் வைத்துப் பற்றவைக்கக் கூடாது. மனிதன் எச்சிலைச் சாமிக்கு வைப்பதாவது? சொல்வது சுலபம், செய்து பார்த்தால் தெரியும். வாயால் இழுத்தால்தான் நெருப்பு உள்ளுக்குள் போய்ப் பிடிக்கும். இழுக்காமல் பிடிக்க வைக்க வேண்டுமென்றால், கற்பூர நெருப்பின் ஓரத்தில் முனையைக் காட்டி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரம் சிவந்ததும் கையை நீட்டி, தோளிலிருந்து வட்டமாக வீச வேண்டும். மறுபடி கற்பூரம், மறுபடி வீச்சு. நடுவிலும் ஓரத்திலும் ஒரே சிவப்பாக வந்தபிறகுதான் முனி வாயில் வைக்கலாம்.

வைத்தவரே கீழே தட்டை ஏந்தி நிற்க வேண்டும். விழுகிற சாம்பலை லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் வாங்கிக்கொள்வார்கள். சுருட்டு கடைசிவரை எரிந்தால் அந்த வருஷம் வண்டிகளுக்குக் குறை வராது. நடுவில் அணைந்தால் முனி வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று அர்த்தம். குழாய் வைத்த நாளிலிருந்து அந்த முதல் சுருட்டு ரகுபதி கையில் இருந்தது.

ரகுபதியின் தம்பி பக்தவச்சலத்துக்கு இது ஆரம்பத்திலிருந்தே வயிற்றெரிச்சல். லாரி ஷெட்டில் புரோக்கர் வேலை, கோயில் கமிட்டித் தலைவர் பதவி, வெள்ளைச் சட்டை எல்லாம் இருந்தும், ஆடி மாதம் அத்தனை டிரைவர்களும் குனிவது கிரீஸ் கைக்காரன் முன்னால்தான். அண்ணனுக்கு நுரையீரல் கெட்டு இனி நாள் அதிகம் இல்லை என்று ஆனபோது, அடுத்தது தன் கை என்று பக்தவச்சலம் நம்பிக்கொண்டிருந்தார். ரகுபதி அந்த ஆடியில் ஆட்டோவில் வந்து இறங்கினான். நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எல்லோர் முன்னாலும் சுருட்டை எடுத்து ராஜாத்தி கையில் கொடுத்தான். பக்தவச்சலத்துக்கு அது பொதுவில் வாங்கிய அறை. அவர் அதை மறக்கவே இல்லை.

ரகுபதி செத்த பதினாறாம் நாள் காரியத்தில், படையலில் இட்லி, வடை, கறிக்குழம்போடு ஒரு சுருட்டையும் வைத்தார்கள். ராஜாத்தி முன்னால் வந்து உட்கார்ந்தாள். அந்தச் சுருட்டை எடுத்துத் தன் வாயில் வைத்துப் பற்றவைத்தாள். இரண்டு இழுப்பு இழுத்தாள். கங்கு பிடித்ததும் எடுத்துப் படத்தின் முன்னால் வைத்தாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு அப்போது கண்ணீர் வரவில்லை, வந்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் முதல் சுருட்டு அவள் கையில்தான் இருந்தது. எதுவும் கெட்டுப் போகவில்லை. கற்பூரமும் கைவீச்சுமாக அவள் பற்றவைத்த சுருட்டு ஒவ்வொன்றும் அடிவரை எரிந்தது.

சுருட்டை அவள் வாங்குவது ராயபுரம் மார்க்கெட்டை ஒட்டியிருக்கிற காலித் பாய் கடையில். பாய்க்கு அது வாப்பா விட்டுப்போன வியாபாரம். திண்டுக்கல், உறையூர்ச் சரக்கெல்லாம் ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்தே சீமைக்குக் கப்பலேறியது என்றும், துரைகளுக்கு அது இல்லாமல் சாப்பாடு செரிக்காது என்றும், சுருட்டு என்ற நம் வார்த்தையையே கொஞ்சம் நசுக்கித் தங்கள் அகராதியில் வைத்துக்கொண்டார்கள் என்றும் அவர் சொல்வார். இப்போது அட்டைப்பெட்டியில் புற்றுநோய்ப் படம் போட்டு வருகிறது. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் குடிக்கிறவர்கள் இல்லை, படைக்கிறவர்கள். முனிக்கு, கருப்புக்கு, மதுரைவீரனுக்கு, செத்துப்போன தாத்தனுக்கு.

"மனுசன் வுட்டுட்டான் ராஜாத்திம்மா. சாமிதான் இன்னும் வுடல" என்பார் பாய்.

ஒருநாள் யாரோ கப்பல்காரன் விற்றுவிட்டுப் போன கூபா நாட்டுச் சுருட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பளபளவென்று, இடுப்பில் தங்கக் காகிதம் சுற்றி, மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ராஜாத்தி வாங்கி மோந்து பார்த்தாள்.

"இதுல ஒரு சூட்சுமம் கீது" என்றார் பாய். "நம்ம சுருட்டு ரெண்டு பக்கமும் தொறந்து கெடக்கும். இதுக்கு வாய்ல வெக்கிற பக்கம் எலையாலயே தொப்பி போட்டு ஒட்டியிருப்பான். அத்த அறுத்துட்டுதான் பத்த வெக்கணும். அறுக்காம இழுத்தா உசுரே போனாலும் பொக வராது."

"இவ்ளோ பேஜாரு இன்னாத்துக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள் ராஜாத்தி.

போன வருஷ ஆடிக்கு முன்னால் பெய்த மழையில் பாயின் கிடங்குக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அது தெரியாமல் ராஜாத்தி வாங்கிப்போன சுருட்டுக் கட்டில் ஈரம் ஏறியிருந்தது. கற்பூரத்தில் காட்டும்போதே அவளுக்குச் சந்தேகம். மேலே சிவந்தது, உள்ளே பிடிக்கவில்லை. முனி வாயில் பாதி கூட எரியாமல் சுருட்டு அணைந்தது. தட்டில் சாம்பல் இல்லை. டிரைவர்கள் வெறும் நெற்றியோடு வண்டி எடுத்தார்கள். அதே வாரம் மணலி ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து டிரைவருக்குக் கால் போனது.

பக்தவச்சலம் இதற்குத்தான் காத்திருந்தார். கமிட்டியைக் கூட்டினார்.

"எந்நேரமும் வாய்ல சுருட்டு வெச்சிகினு திரியற பொம்பள" என்றார். "அது கையில சாமி சுருட்டு கீதுன்னா வாய் சும்மா இருக்குமா? யாரும் பாக்காதப்போ ரெண்டு இழுப்பு இழுத்துட்டுதான் சொருகியிருக்கு. எச்சிய முனி துன்னுவாரா? துப்பிட்டாரு. அந்த டிரைவர் கால எடுத்தது இந்த எச்சிதான்."

ராஜாத்தி கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டாள். "நீ பாத்தியா?"

"பாக்கணுமா அண்ணி? எங்க அண்ணன் பதினாறாம் நாளு ஊரே பாத்துச்சே."

புருஷனுக்காகச் செய்ததை எடுத்து அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டார்கள்.

காலித் பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, சரக்கு ஈரம், தப்பு தன்னுடையது என்று கமிட்டி முன்னால் சொல்லிப் பார்த்தார். பக்தவச்சலம் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார், டீ வாங்கிவரச் சொன்னார். "வாடிக்கைக்காரங்கள வுட்டுக்குடுக்காத மனசு யாருக்கு வரும் பாய்? டீ சாப்ட்டு கெளம்புங்கோ" என்றார். மரியாதையாக அனுப்பி வைக்கிற வித்தை பக்தவச்சலத்துக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு தெருவில் அவள் பெயர் ராஜாத்தி இல்லை, எச்சில்காரி. முகத்துக்கு நேராகச் சொல்லப் பயம், முதுகுக்குப் பின்னால் தாராளம். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்று எல்லா வீட்டுக் கூழையும் ஒரே அண்டாவில் கொட்டுவார்கள். ராஜாத்தி தன் குண்டானோடு போனாள். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள், "அங்க ஓரமா வெச்சிட்டு போக்கா, அப்பறம் ஊத்திக்கிறோம்" என்றார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தாள். குண்டான் வைத்த இடத்திலேயே இருந்தது. கூழில் ஏடு கட்டி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பக்தவச்சலத்தின் வாசலில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

தெரு இன்னும் உறுதியாக அவளை வெறுத்தது. அவளும் தெருவை விட்டுவைக்கவில்லை. யார் வீட்டு வாசலில் தண்ணீர் பிடித்தாலும் சண்டை, யார் வண்டி இடித்தாலும் சண்டை. ஆனால் சண்டையெல்லாம் முடிந்து தனியாகப் படியில் உட்காரும்போது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. நான் அதைச் செய்யவில்லை என்று ஒருத்தராவது நம்ப வேண்டும். அது கிடைக்கவில்லை. செய்யாத தப்புக்குச் சாட்சி கொண்டுவர முடியாது, அவள் வாயைத் திறந்தால் அதில் சுருட்டுதான் தெரிந்தது.

இந்த வருஷ ஆடிக்கு வல்லரசு வந்தான். பக்தவச்சலத்தின் மகன், வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. வருகிறபோதே கூபா நாட்டுச் சுருட்டு ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். பக்தவச்சலம் சாலையோரம் பிளக்ஸ் வைத்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட வல்லரசு ஒரு பக்கம், முனி ஒரு பக்கம், நடுவில் லாரி டயர் தடிமனுக்கு ஒரு சுருட்டு. இந்த ஆண்டின் முதல் சுருட்டு வல்லரசு அவர்கள் பொற்கரங்களால் என்று எழுதியிருந்தது.

"முனி இத்தினி வருசமா மூக்கப் புடிச்சிகினு துன்னுகினு இருந்தாரு. இப்பதான் நல்ல சரக்க பாக்கப்போறாரு" என்று பக்தவச்சலம் டீக்கடையில் சொன்னது, சொன்ன வேகத்தில் ராஜாத்தி காதுக்கு வந்து சேர்ந்தது.

அன்று மத்தியானமே அவள் ராயபுரம் போய் ஒரு கட்டுச் சுருட்டு வாங்கி வந்தாள். எதற்கு வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வருஷா வருஷம் வாங்குகிறது, வாங்கினாள். பாய் ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்துக் காய்ந்த சரக்காக எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் பம்பை முழங்கியது. அவள் கோயில் பக்கம் போகாமல் சாலைக்கு எதிர்ப்புறம், நின்றிருந்த ஒரு லாரியின் முன்சக்கரத்தில் சாய்ந்து நின்றுகொண்டாள். நல்ல கடல்காற்று. வல்லரசு பட்டு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, பெட்டியைத் திறந்து ஒரு சுருட்டை எடுத்தான். கண்ணாடிக் காகிதத்தை உரித்தான். தங்கக் காகிதம் எல்லோருக்கும் தெரியட்டும் என்று தூக்கிக் காட்டினான். அத்தனை பேர் கையிலும் செல்போன் உயர்ந்தது.

கத்தி வரும், அறுப்பான் என்று ராஜாத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்தி வரவில்லை. கப்பலில் அதிகாரிகள் குடிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தவன், அறுத்ததைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கற்பூரத்தில் காட்டினான், நாலு தடவை வீசினான், முனை கொஞ்சம் கறுத்துச் சிவந்தது. தொப்பி போட்ட பக்கத்தை முனியின் வாய்க் குழாயில் சொருகினான். குழாய் அடைத்துக்கொண்டது.

ராஜாத்திக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். கத்தவில்லை. ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்த கல் மெல்ல அசைவது போல் இருந்தது, அந்தச் சுகத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

எல்லோரும் முனியின் கொண்டையையே பார்த்தார்கள். புகை வரவில்லை. காற்று அடித்தது, கங்கு கறுத்தது, செத்தது. பம்பைக்காரன் அடிப்பதை நிறுத்தினான். வல்லரசு எடுத்து மறுபடி கற்பூரத்தில் காட்டினான், மறுபடி வைத்தான், மறுபடி அணைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவன் காதோரம் வியர்வை இறங்கியது. அவ்வளவு செல்போனும் அவன் முகத்தை நோக்கித் திரும்பியிருந்தது. அந்தப் பதற்றத்தில் கை என்ன செய்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. முனியின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கித் தன் வாயில் வைத்து, கன்னம் இரண்டும் குழி விழ ஓர் இழு இழுத்தான்.

புகையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. யாரோ ஒரு பெண் மட்டும், "ஐய, எச்சி பண்ணிட்டான்" என்றாள்.

வல்லரசு சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். தங்கக் காகிதம் வரை அவன் எச்சில் ஈரம். கூட்டம் பக்தவச்சலத்தைப் பார்த்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அதெல்லாம் ஒரு நொடிதான்.

"சின்னப் பையன், தெரியாம செஞ்சிட்டான்" என்றார் சத்தமாக. "இன்னா இப்போ? கொஞ்சம் மஞ்சத் தண்ணி தெளிச்சிட்டு வேற ஒண்ணு எடு. முனி கோச்சிக்க மாட்டாரு, அவருக்கு நம்ம புள்ளைங்க மேல பாசம் கீது."

மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். முடிந்துவிட்டது. கூட்டமும் சரி சரி என்று தலையாட்டியது.

ராஜாத்திக்குச் சிரிப்பு நின்றது. அந்த மஞ்சள் தண்ணீரில் ஒரு சொட்டு அவளுக்குத் தெளிக்க ஒரு வருஷமாக யாருக்கும் தோன்றவில்லையே. செய்யாத அவளுக்கு எச்சில்காரி என்று பெயர், கூழ் குண்டானில் ஈ. ஊரறியச் செய்தவனுக்குச் சின்னப் பையன் என்று தடவிக்கொடுப்பு, அவனுக்கு முப்பது வயது. உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு. வல்லரசுவின் இரண்டாவது சுருட்டும் அணைந்ததை அவள் சந்தோஷமாகப் பார்க்கக்கூட இல்லை.

மூன்றாவதும் அணைந்தபோது டிரைவர்கள் பொறுமை இழந்தார்கள். வரிசை நகரத் தொடங்கியிருந்தது, சாம்பல் இல்லாமல் வண்டி எடுக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. போன வருஷத்துக் கால் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

"இன்னா தலைவரே வெளாட்டு இது?" என்றார் ஒரு வயதான டிரைவர். "வேலைக்காவாது. தோ அங்க நிக்கிது பாரு அந்தம்மா, அத்த கூப்புடு. எச்சியோ கிச்சியோ, அது கையில எத்தினி வருசம் எரிஞ்சிது."

பக்தவச்சலம் சாலையைக் கடந்து வர வேண்டியிருந்தது. வந்தார். அவளைப் பார்க்காமல் லாரியின் நம்பர் பலகையைப் பார்த்தபடி பேசினார்.

"அண்ணி, ஒரு தபா வந்து பத்த வெச்சிட்டு போ. ஜனம் கேக்குது."

"நீ கேக்கலியா?"

அவர் பல்லைக் கடித்தார். "நானும்தான் கேக்குறன்."

ராஜாத்தி மடியிலிருந்த சுருட்டுக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. பூசாரி கற்பூரத் தட்டை நீட்டினான். இனி உருட்டுவாள், வீசுவாள் என்று எல்லோரும் கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள்.

அவள் கற்பூரத் தட்டைத் தொடவில்லை. கட்டிலிருந்து ஒரு சுருட்டை உருவினாள். முனியையும் கூட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு அதைத் தன் வாயில் வைத்தாள்.

"அண்ணி" என்றார் பக்தவச்சலம்.

ராஜாத்தி தீக்குச்சியைக் கிழித்து, கையால் காற்றை மறைத்து, முதல் இழுப்பு இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் நெருப்பு உள்ளே இறங்கி நன்றாகப் பிடித்தது. புகையைப் பக்தவச்சலத்தின் வெள்ளைச் சட்டை மேலேயே விட்டாள். பிறகு பீடத்தில் கால் வைத்து ஏறி, பட்டறையில் கிரீஸ் கைக்காரனுக்கு வைப்பது போலவே, சுருட்டை எடுத்து முனியின் வாயில் வைத்தாள்.

கடல்காற்று வந்தது. கங்கு சிவந்தது. முனியின் கொண்டையிலிருந்து புகை கெட்டியாகக் கிளம்பி மேற்கே போயிற்று. யாரும் குலவை போடவில்லை, யாரும் திட்டவும் இல்லை. எரிகிற சுருட்டைச் சாமி வாயிலிருந்து பிடுங்க எவனுக்கும் கை வரவில்லை.

ராஜாத்தி இறங்கி, தட்டை ஏந்தி நின்றுகொண்டு பேசினாள். "போன வருசம் நான் செய்யல. எவனும் நம்பல. இந்த வருசம் செஞ்சிட்டேன், நல்லா பாத்துக்கோ எல்லாரும். முனி துப்புறாரா?"

முனி துப்பவில்லை. அடிவரை இழுத்தார். சாம்பல் துண்டு துண்டாகத் தட்டில் விழுந்தது.

எச்சில் சுருட்டின் சாம்பல். யார் முதலில் வாங்குவது என்று கூட்டம் தயங்கியது. அந்த வயதான டிரைவர் முன்னால் வந்து குனிந்தார். ராஜாத்தி கட்டைவிரலால் அவர் நெற்றியில் அழுத்தி இழுத்தாள். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார், பிறகு வரிசையாகவே வந்தார்கள். கூழை ஓரமாக வைக்கச் சொன்ன பெண்களும் புருஷன்மாரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்து நெற்றியை நீட்டினார்கள். அவர்கள் முகத்தை அவள் பார்க்கவில்லை, சாம்பலை மட்டும் வைத்தாள்.

வல்லரசு வந்தான். அடுத்த வாரம் கப்பலேற வேண்டியவன், சாமி தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டதோ என்ற பயத்தில் முகம் வெளுத்திருந்தான்.

"பெரீம்மா" என்றான்.

"உங்கப்பன் செஞ்சதுக்கு நீ இன்னா பண்ணுவே" என்று அவன் நெற்றியில் மற்றவர்களுக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வைத்தாள். "அந்தச் சீமைச் சுருட்டுக்கு வாய்ப் பக்கம் தொப்பி ஒட்டியிருப்பான். அத்த அறுத்துட்டு கொளுத்தணும். முனி ஒண்ணும் சொல்லல, போ."

கடைசியாகப் பக்தவச்சலம் வந்தார். எல்லோரும் வாங்கிவிட்டார்கள், கமிட்டித் தலைவர் வாங்காமல் போனால் நன்றாக இருக்காது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குனியவில்லை, வலது கையை மட்டும் நீட்டினார்.

தட்டில் இன்னும் சாம்பல் இருந்தது. ராஜாத்தி அதை ஒரு சிட்டிகை எடுத்தாள். நீட்டிய கைக்கு மேல் வரை கொண்டுவந்தாள்.

"உனுக்குத்தான் எச்சி ஆவாதேப்பா" என்று சொல்லிவிட்டு, அந்தச் சாம்பலைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, தட்டைக் கவிழ்த்து முனியின் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.